முதல் ஆண்ட்ராய்டு செயலியை பிளே ஸ்டோரில் ஏற்ற: காசு, காகிதம், 14 நாள் கணக்கு

என் அக்கா வீடு வீடாகப் பால் ஊற்றுகிறார். யாருக்கு எத்தனை லிட்டர், யார் இந்த மாதம் பாக்கி, எந்த வீட்டில் ஊருக்குப் போய்விட்டார்கள் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் ராத்திரி உட்கார்ந்து கூட்டுவார். அதற்காக ஒரு சின்னச் செயலி எழுதினேன். எழுதி முடிக்க மூன்று வார இறுதிகள் ஆயின. அதை பிளே ஸ்டோரில் ஏற்ற இரண்டரை மாதம் ஆனது! அந்த இரண்டரை மாதத்தில் பாதிக்கு மேல் நான் வரிசையை மாற்றிச் செய்ததால் போனது. முதலில் கோடு (நிரல்), அப்புறம் டெவலப்பர் கணக்கு, அப்புறம் படிவம், கடைசியில் டெஸ்டர் (செயலியைச் சோதிப்பவர்) என்று போனேன். நீங்கள் கிட்டத்தட்ட தலைகீழாகப் போக வேண்டும்.

இது தனி ஆளாக, சொந்தப் பெயரில், முதல் முறை செயலி வெளியிடுகிறவர்களுக்கு எழுதியது. ஐபோன் பக்கம் நான் போகவில்லை. அங்கே ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும், அதோடு ஒரு மேக் கம்ப்யூட்டரும் வேண்டும். கையைச் சுடாமல் கற்றுக்கொள்ள ஆண்ட்ராய்டே சரி.

1. கோடு எழுதும் முன் கணக்கைத் திறந்துவிடுங்கள்

செயலிகளை ஏற்றி நிர்வகிக்கும் தளமான கூகுள் பிளே கன்சோலில் டெவலப்பர் கணக்கு தொடங்க 25 டாலர் கட்ட வேண்டும். ஒரே ஒரு முறைதான், ஆண்டுச் சந்தா கிடையாது. டாலர் விலை, வங்கியின் கூடுதல் கட்டணம் எல்லாம் சேரும் என்பதால் கணக்கில் 3,000 ரூபாய் இருக்கட்டும்.

கார்டு விஷயத்தில் பலர் முட்டிக்கொள்கிறார்கள், நானும்தான். இந்தியாவில் புதிதாக வரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கியின் செயலிக்குள் போய் அதை நீங்களே திறந்துவிட வேண்டும். விசா அல்லது மாஸ்டர்கார்டு என்றால் சிக்கல் குறைவு. ப்ரீபெய்டு கார்டு எடுபடாது. காசு போன பிறகு மறக்காமல் அந்த வசதியைத் திரும்ப அணைத்துவிடுங்கள்.

தினமும் பயன்படுத்தும் ஜிமெயிலில் கணக்கைத் தொடங்காதீர்கள். டெவலப்பர் மின்னஞ்சல் ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் "உங்கள் ஆப்பை ஒரு லட்சம் பேர் இறக்க வைக்கிறோம்" என்று தினம் பத்துக் கடிதம் வரும். தனியாக ஒரு ஜிமெயில் தொடங்கி, இரண்டடுக்குப் பாதுகாப்பையும் போட்டுவிடுங்கள்.

2. பெயரும் முகவரியும்: இன்ஷியல் எனும் வில்லங்கம்

இந்தப் படிக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கி நிதானமாகச் செய்யுங்கள். கூகுள் உங்கள் அடையாள ஆவணத்தைக் கேட்கும். நீங்கள் தட்டச்சிய சட்டப்பூர்வப் பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். நம் ஊரில் இதுதான் பெரிய தலைவலி. ஒரு கார்டில் இன்ஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால். பான் கார்டில் அந்த இன்ஷியலே அப்பாவின் முழுப் பெயராக விரிந்து உட்கார்ந்திருக்கும். நான் பழக்கதோஷத்தில் இன்ஷியலோடு தட்டச்சிவிட்டு, அப்பா பெயர் விரிந்த ஆவணத்தைப் போட்டேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான்.

அதனால் ஆவணத்தை முதலில் மேசைமேல் எடுத்து வையுங்கள். கன்சோல் காட்டும் பட்டியலில் உள்ள ஆவணம்தானா என்று பாருங்கள். அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட, பார்த்துத் தட்டச்சுங்கள். போட்டோ எடுக்கும்போது கார்டின் நான்கு மூலையும் தெரிய வேண்டும், பளபளப்பு விழக் கூடாது. அடையாளம் உறுதியாகவில்லை என்றால் கட்டிய 25 டாலர் திரும்ப வராது, ஞாபகம் இருக்கட்டும்.

தனிநபர் கணக்குக்கு இன்னொரு சோதனையும் உண்டு. உங்களிடம் உண்மையான ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதா என்று பிளே கன்சோலின் மொபைல் செயலி வழியாகச் சரிபார்ப்பார்கள். ஐபோன் மட்டும் வைத்திருப்பவர்கள் வீட்டில் யாரிடமாவது ஒரு போன் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: செயலியை விலைக்கு விற்றாலோ செயலிக்குள் பிளே வழியாக எதையாவது விற்றாலோ உங்கள் முழு முகவரியும் ஸ்டோரில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். விற்காவிட்டால் பெயர், நாடு, மின்னஞ்சல் மட்டும்தான். வீட்டு முகவரியில் கணக்கு வைத்திருப்பவர்கள், குறிப்பாகத் தனியாக இருக்கும் பெண்கள், "பத்து ரூபாய்க்கு விற்றுப் பார்ப்போமே" என்று விளையாட்டாகக்கூட அந்தப் பொத்தானை அழுத்த வேண்டாம்.

பதிவு செய்த நிறுவனம் இருந்தால் நிறுவனக் கணக்கு தொடங்கலாம். அதற்கு டன்ஸ் எண் என்ற ஒன்பது இலக்க எண் வேண்டும். இலவசம்தான், ஆனால் கைக்கு வர 30 நாள் வரை ஆகலாம். நிறுவனக் கணக்குக்குக் கீழே சொல்லப்போகும் 12 பேர் தொல்லை இல்லை.

3. கம்ப்யூட்டரும் போனும்

செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இலவசம். 8 ஜி.பி. ரேம் இருந்தால் ஓடும், ஆனால் எமுலேட்டரையும் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலிப் போன்) பிரவுசரையும் சேர்த்துத் திறந்தால் லேப்டாப் விசிறி சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் எழுந்து வருவார். 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் எமுலேட்டரை மறந்துவிட்டு போனை யு.எஸ்.பி. வயரில் செருகிச் சோதியுங்கள். போன் செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யு.எஸ்.பி. டீபக்கிங்கைப் போடுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர்கள் நிறைய உண்டு. போன் தெரியவில்லை என்று அரை நாள் சாஃப்ட்வேரைக் குடைவதற்கு முன் வயரை மாற்றிப் பாருங்கள்.

எதில் செயலி எழுதுவது, கோட்லினா, ஃபிளட்டரா, ரியாக்ட் நேட்டிவா என்று ஒரு மாதம் வீடியோ பார்க்க வேண்டாம். ஏற்கெனவே ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர் ரியாக்ட் நேட்டிவ், எதுவுமே தெரியாதவர் கோட்லின். நான் கோட்லின்.

4. பேக்கேஜ் பெயரும் சாவியும்: பிறகு மாற்ற முடியாதவை

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ புது ப்ராஜெக்ட் திறக்கும்போது பேக்கேஜ் பெயரை (செயலியின் அடையாளப் பெயர்) "காம் டாட் எக்சாம்பிள்" என்று தானாகப் போட்டுத் தரும். அதை அப்படியே விட்டால் ஏற்றும் நாளில் பிளே கன்சோல் வாங்காது. வெளியிட்ட பிறகோ பெயரை மாற்றவே முடியாது. இடையில் மாற்றினால் போன் அதை வேறு ஒரு செயலியாகத்தான் பார்க்கும். அக்காவின் போனில் என் செயலி இரண்டு ஐகானாக நின்றது இப்படித்தான். பழையதில் கணக்கு இருக்கிறது, புதியது காலி. "எதுலடா எழுதறது?" என்று கேட்டார். முதல் நாளே உங்கள் பெயர் சேர்ந்த, வேறு யாரும் வைத்திருக்க முடியாத ஒரு பேக்கேஜ் பெயரைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, செயலி உங்களுடையதுதான் என்று காட்டும் கையொப்பச் சாவி, அதாவது கீஸ்டோர் ஃபைல். புதுச் செயலிகளை ஏ.ஏ.பி. என்ற வகை ஃபைலாகத்தான் ஏற்ற முடியும், போனில் நேரடியாக நிறுவும் ஏ.பி.கே. ஃபைல் செல்லாது. உண்மையான கையொப்பச் சாவியை கூகுளே வைத்துக்கொள்ளும். உங்களிடம் இருப்பது ஏற்றுவதற்கான சாவி. தொலைந்தால் கன்சோலில் கேட்டு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் அதற்குள் அவசரத் திருத்தம் எதையும் ஏற்ற முடியாது. ஃபைலை ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள், கடவுச்சொல்லைத் தாளில் எழுதுங்கள், இரண்டையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். கோடு சேமிக்கும் இணையதளமான கிட்ஹப்பில் கோடோடு சேர்த்து ஏற்றிவிடாதீர்கள்.

5. கோடு எழுதும்போது

இதற்கு ஆயிரம் பாடங்கள் இருக்கின்றன, நான் அடிபட்ட இடங்களை மட்டும் சொல்கிறேன்.

செயலி எந்த ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைக்கிறது என்று சொல்லும் டார்கெட் எஸ்.டி.கே. எண்ணைப் பழைய வீடியோவில் பார்த்தபடி போடாதீர்கள். 2025 ஆகஸ்ட் 31 முதல் புதுச் செயலிகளும் அப்டேட்களும் ஆண்ட்ராய்டு 15-ஐ, அதாவது 35 என்ற எண்ணை, குறிவைக்க வேண்டும். இந்த எண் ஆண்டுதோறும் ஏறும். ஏற்றும் முன் அன்றைய எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷன் காட்டவே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். "மாதக் கடைசி, கணக்கு முடியுங்கள்" என்று அக்காவுக்கு நினைவூட்டல் வைத்தேன். என் பழைய போனில் வந்தது, அவருடைய புதுப் போனில் வரவில்லை. காரணம் இதுதான்.

எஸ்.எம்.எஸ். படிக்கும் அனுமதி, கால் லாக் அனுமதி இரண்டையும் தொடவே வேண்டாம். முதல் செயலிக்கு அது தேவையில்லாத வழக்கு.

அப்புறம் டேட்டாபேஸ். இதை வலியோடு எழுதுகிறேன். போனுக்குள் தரவைச் சேமிக்கும் ரூம் டேட்டாபேஸில் ஒரு புதுப் பத்தி (அட்டவணையின் நெடுவரிசை) சேர்த்தால் பதிப்பு எண்ணைக் கூட்டி, பழைய தரவை எப்படி மாற்றுவது என்று மைக்ரேஷன் எழுத வேண்டும். எழுதச் சோம்பல்பட்டவர்களுக்காக ஒரு வரி உண்டு: "ஃபால்பேக் டு டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்". போட்டால் கிராஷ் ஆகாது. பழைய டேபிளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். வீட்டுக்கு வீடு வேறு விலை என்று அக்கா கேட்டதற்காக "விலை" என்று ஒரு பத்தி சேர்த்தேன், அந்த வரியைப் போட்டேன், அனுப்பினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு போன். 22 நாள் கணக்கு காலி. என்மேல் நம்பிக்கை இல்லாமல் அவர் நோட்டிலும் எழுதிக்கொண்டு வந்ததால் தப்பித்தேன். அன்று மாலை மாமா நோட்டைப் பார்த்துப் படிக்கப் படிக்க நான் உட்கார்ந்து திரும்ப ஏற்றினேன். அந்த வரியை உங்கள் கோடில் கண்டால் இப்போதே அழித்துவிடுங்கள்.

6. படிவங்கள்

கன்சோலில் "ஆப் கன்டென்ட்" பகுதியில் வரிசையாகப் படிவங்கள் இருக்கும். ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம், அவசரப்பட்டால் ஒரு வாரம் போகும்.

தனியுரிமைக் கொள்கைக்கு ஒரு இணைய முகவரி கட்டாயம், செயலி எந்தத் தகவலையும் எடுக்காவிட்டாலும். பி.டி.எஃப். கூடாது, யாரும் திருத்தக்கூடிய ஆவணமாகவும் இருக்கக் கூடாது. நான் கூகுள் டாக்ஸ் இணைப்பைக் கொடுத்து நாள்களை வீணாக்கினேன். கிட்ஹப் பேஜஸ் அல்லது கூகுள் சைட்ஸில் ஒரு பக்கம் போட்டால் செலவே இல்லை. செயலியின் பெயர், என்ன தகவல் எடுக்கிறது, எங்கே வைக்கிறது, தொடர்பு மின்னஞ்சல் ஆகியவை இருக்கட்டும்.

டேட்டா சேஃப்டி படிவத்தில் "எதுவும் எடுப்பதில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் போடாதீர்கள். உங்கள் கோடு எடுக்காமல் இருக்கலாம், நீங்கள் சேர்த்த விளம்பர லைப்ரரியோ (பிறர் எழுதித் தரும் ஆயத்தக் கோடு) கிராஷ் ரிப்போர்ட் லைப்ரரியோ எடுக்கும். விளம்பர லைப்ரரி சேர்த்தால் அட்வர்டைசிங் ஐ.டி. (விளம்பரத்துக்கான அடையாள எண்) அனுமதி, அனுமதிகளைப் பட்டியலிடும் மேனிஃபெஸ்ட் ஃபைலில் தானாக நுழைந்துவிடும், ஆனால் படிவத்தில் நீங்கள் "இல்லை" என்று சொல்லியிருப்பீர்கள். இரண்டும் மோதும்.

செயலிக்குள் லாகின் இருந்தால், சோதிப்பவருக்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டும். ஓ.டி.பி. மட்டும் உள்ள லாகின் என்றால் அவர் எப்படி உள்ளே வருவார் என்று யோசித்து வழி செய்யுங்கள். கணக்கு தொடங்கும் வசதி இருந்தால் அதை அழிக்கும் வசதியும், அழிக்கக் கோரும் இணையப் பக்கமும் வேண்டும். முதல் செயலியில் லாகினே வைக்காதீர்கள் என்பேன்.

7. ஸ்டோர் பக்கம், தமிழில்

ஐகான் 512-க்கு 512, மேலே வரும் பேனர் படம் 1024-க்கு 500, ஸ்கிரீன்ஷாட் குறைந்தது இரண்டு. தலைப்புக்கு 30 எழுத்து, சுருக்க விவரத்துக்கு 80, முழு விவரத்துக்கு 4,000.

தமிழில் தலைப்பு வைப்பவர்களே, அந்த 30 நாம் எண்ணும் 30 இல்லை. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "பால் கணக்கு - தினசரி லிட்டர் பதிவு" என்று வைக்க நினைத்தேன். நம் கணக்குக்கு 17 எழுத்து, இடைவெளிகளும் நடுவில் உள்ள சிறு கோடும் (-) சேர்த்தால் 23. கன்சோல் கணக்குக்கு 34. "தினசரி"யை வெட்டி எறிந்த பிறகுதான் இடம் கிடைத்தது.

செயலிக்குள்ளும் இதே கதைதான். ஆங்கிலத்தில் அளந்து வைத்த பொத்தானில் தமிழ் இரண்டு வரியாக மடியும். உயரத்தை எண் போட்டுப் பூட்டினால் மேலே இருக்கும் சுழியும் கீழே தொங்கும் உகரமும் வெட்டுப்படும். உயரத்தைத் திறந்து விடுங்கள், போனின் எழுத்தளவைப் பெரிதாக வைத்தும் ஒருமுறை பாருங்கள். பால் கணக்கு எழுதுகிறவர்கள் கண்ணாடியோடுதான் எழுதுகிறார்கள்.

8. 12 பேர், 14 நாள்

நாள்காட்டியைத் தீர்மானிப்பது இந்தப் படிதான். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், செயலியைப் பொதுவில் வெளியிடும் முன் மூடிய சோதனை (நீங்கள் பட்டியலில் சேர்த்தவர்கள் மட்டும் செய்வது) நடத்தியாக வேண்டும். குறைந்தது 12 டெஸ்டர்கள், தொடர்ச்சியாக 14 நாள் சேர்ந்திருக்க வேண்டும். முன்பு 20 பேர் என்று இருந்தது, பழைய வீடியோக்களில் அந்த எண்தான் வரும்.

இன்டர்னல் டெஸ்டிங் என்று ஒன்று தனியாக இருக்கிறது. ஏற்றிய கொஞ்ச நேரத்தில் போனுக்கு வந்துவிடும், வசதியானது, ஆனால் இந்த 14 நாளில் சேராது. நான் அதில் ஒரு வாரம் ஓட்டிவிட்டு "இன்னும் ஏழு நாள்தான்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். மூடிய சோதனைக்கான க்ளோஸ்டு டெஸ்டிங் என்ற டிராக்கில்தான் போட வேண்டும். அதற்கும் ஒரு பரிசீலனை உண்டு, 6-ஆம் படியில் சொன்ன படிவங்களும் முடிந்திருக்க வேண்டும்.

ஆள் பிடிப்பது லேசு என்று நினைப்போம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், 20 கட்டைவிரல் வந்தது. செய்தது நாலு பேர். ஒவ்வொருவரும் செய்ய வேண்டியவை: அவர்களுடைய ஜிமெயில் முகவரியை உங்களுக்குத் தர வேண்டும், நீங்கள் பட்டியலில் சேர்த்த பிறகு இணைப்பைத் திறந்து டெஸ்டராகச் சேர வேண்டும், அப்புறம் பிளே ஸ்டோரிலிருந்து நிறுவ வேண்டும். போனில் இரண்டு ஜிமெயில் இருப்பவர்களிடம்தான் சிக்கல். தந்த முகவரி ஒன்று, பிளே ஸ்டோர் திறந்திருப்பது வேறொன்று. "அப்படி ஒரு ஆப் இல்லைன்னு வருது" என்று சொன்னால் முதலில் பிளே ஸ்டோரின் மேல் மூலையில் உள்ள படத்தைத் தட்டி முகவரியைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது முறை அதுதான்.

சரியாக 12 பேரோடு நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன். ஒன்பதாம் நாள் என் நண்பன் போனைச் சுத்தம் செய்கிறேன் என்று சோதனையிலிருந்தே விலகிவிட்டான். எண்ணிக்கை 11. வேறொருவரைச் சேர்த்தால் அவருக்கு முதல் நாளிலிருந்து 14 நாள் ஆக வேண்டும். 16, 18 பேர் இருந்தால் தூக்கம் வரும். செயலியை உண்மையிலேயே பயன்படுத்தும் ஆட்களாக இருந்தால் இன்னும் நல்லது. கடைசியில் எனக்கு உதவியது அக்காவுக்குத் தெரிந்த பால்காரர்கள்தான். அவர்களில் ஒருவர் "அரை லிட்டர் போட முடியல, கால் லிட்டர் எப்படிப் போடறது" என்று கேட்டார். முழு எண் மட்டும் வாங்கும்படி எழுதி வைத்திருந்தேன்!

காசு கொடுத்தால் 12 டெஸ்டர் தருகிறோம் என்று டெலிகிராமில் ஆட்கள் இருக்கிறார்கள். 2023-க்கு முந்தைய பழைய கணக்கு விற்கிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். விலைக்கு வாங்கிய கணக்கு மூடப்பட்டால் உங்கள் செயலியும் அதோடு போகும்.

கோடு பாதி முடிந்து செயலி திறந்து மூடும் நிலைக்கு வந்ததுமே இந்தச் சோதனையைத் தொடங்கிவிடலாம். 14 நாளுக்குள் அப்டேட் ஏற்றத் தடை இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் "எல்லாம் முடியட்டும்" என்று நான் ஒரு மாதம் காத்திருந்தேன்.

9. வெளியிட விண்ணப்பம்

14 நாள் முடிந்ததும் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும் பொத்தான் திறக்கும். கேள்விகள் கேட்பார்கள்: டெஸ்டர்களை எப்படிச் சேர்த்தீர்கள், என்ன சொன்னார்கள், அதைக் கேட்டு என்ன மாற்றினீர்கள். "நன்றாக இருக்கிறது என்றார்கள்" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். சோதனை நடக்கும்போதே ஒரு தாளில் தேதி போட்டு யார் என்ன சொன்னார், எந்தப் பதிப்பில் சரிசெய்தோம் என்று குறித்துவந்தால் அதைப் பார்த்து எழுதிவிடலாம். என் கால் லிட்டர் கதை அப்படியே அங்கே போனது. பதில் வர பொதுவாக ஏழு நாள் வரை ஆகும், சில நேரம் கூடவும் ஆகும்.

நீங்கள் ஒழுங்காக வரிசைப்படி போனால், கணக்குத் திறந்த நாளிலிருந்து ஐந்து, ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது தேதி சொல்ல வேண்டுமென்றால் எட்டு வாரம் சொல்லுங்கள்.

10. வெளியான பிறகு

ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் வெர்ஷன் கோடு என்ற பதிப்பு எண் கூட வேண்டும், இல்லாவிட்டால் ஃபைலை வாங்காது. அப்டேட்டை எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்பாமல் முதலில் 10 சதவீதம் பேருக்கு மட்டும் விடும் வசதி இருக்கிறது. முதல் வெளியீட்டுக்கு அது கிடைக்காது, அடுத்ததிலிருந்து உண்டு. டேட்டாபேஸைத் தொட்ட அப்டேட் என்றால் கட்டாயம் அப்படித்தான் அனுப்புவேன், காலை ஆறு மணி போன் மறக்கவில்லை.

விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கலாமா என்றால், போடலாம், ஆனால் பொறுமை வேண்டும். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாபில் 10 டாலர் சேர்ந்ததும் உங்கள் முகவரிக்குத் தபாலில் ஒரு பின் எண் வரும், அதைக் கொடுத்து முகவரியை உறுதி செய்ய வேண்டும். கதவு எண், பின்கோடு எல்லாம் தபால்காரருக்குப் புரியும்படி எழுதியிருக்கிறீர்களா என்று இப்போதே பாருங்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். சோதிக்கும்போது டெஸ்ட் விளம்பரக் குறியீட்டை மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் செயலியில் வரும் உண்மையான விளம்பரத்தை நீங்களோ வீட்டாரோ தட்டினால் ஆட்மாப் கணக்கே முடங்கக்கூடும். "நாங்க தினம் பத்துத் தடவை தட்டறோம், உனக்குக் காசு வரட்டும்" என்று மாமா பாசத்தோடு சொன்னபோது நான் ஓடிப்போய்த் தடுத்தேன். அப்புறம் விளம்பரமே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன், காலையில் ஈரக் கையோடு கணக்குப் போடும் திரையில் அது எதற்கு.